கையில் ராஜா, மேசையில் ஏஸ்

சூதைப் பற்றி எழுதப்பட்ட பேரிலக்கியங்களில் ஒரு பொது அம்சம் உண்டு. காய் உருளும்வரைதான் கதாநாயகனுக்கு வேலை. உருண்டு நின்றபின் அவன் செய்வதற்கு ஒன்றுமில்லை. தருமன் நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், தன்னை வைத்தான். ஒவ்வொரு முறையும் பகடை விழுந்த கணத்திலேயே எல்லாம் முடிந்துபோயிற்று. நளன் கதையும் அப்படியே. புஷ்கினின் ‘இஸ்பேட் ராணி’யில் (1834) ஏஸ் என்று நம்பி வைத்த சீட்டு ராணியாகத் திரும்பியபோது ஹெர்மனுக்கு எஞ்சியது பித்து மட்டுமே. தஸ்தயேவ்ஸ்கியின் ‘சூதாடி’ (1866) சுழலும் சக்கரத்தின் முன் நிற்கிறான். பந்து எந்தக் குழியில் விழுகிறது என்று பார்ப்பதற்கு மேல் அவனுக்கு வேறு உரிமை கிடையாது.

போக்கர் என்னும் சீட்டாட்டம் இந்த வரிசையில் சேராது. அதில் கெட்ட சீட்டு விழுந்த பிறகுதான் ஆட்டமே தொடங்குகிறது. விதி தன் பங்கைச் செய்துவிட்டு விலகிக்கொள்ள, மிச்சத்தை மனிதன் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்மானங்களில் மிகக் கசப்பான ஒன்றைப் பற்றி இங்கே பேசலாம் என்று நினைக்கிறோம். கையில் இரண்டு ராஜாக்கள் இருக்கின்றன. மேசையில் ஓர் ஏஸ் வந்து விழுகிறது. இனி என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குச் சீட்டு மேசைகளில் இரண்டு தயார் விடைகள் புழங்குகின்றன. ராஜா ஜோடியை ஒருபோதும் கைவிடாதே என்பது ஒன்று. ஏஸ் விழுந்தால் ராஜா செத்தான், கவிழ்த்துவிட்டுக் காப்பி குடிக்கப் போ என்பது மற்றொன்று. முதலாவதை வீரம் என்றும் இரண்டாவதை விவேகம் என்றும் சொல்வார்கள். இரண்டுமே யோசிப்பதிலிருந்து தப்பிக்கும் வழிகள் என்பது நம் கட்சி.

*

ஆட்டம் அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். இன்று உலகெங்கும் அதிகம் ஆடப்படும் போக்கர் வகை ‘டெக்சாஸ் ஹோல்டம்’. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படுகின்றன. முதல் சுற்றுப் பந்தயம் முடிந்ததும் மேசையில் மூன்று சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். இதற்கு ஃப்ளாப் என்று பெயர். அடுத்து ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு சுற்றுப் பந்தயம். கையிலுள்ள இரண்டு, மேசையிலுள்ள ஐந்து, ஆக ஏழில் சிறந்த ஐந்து சீட்டு யாரிடம் இருக்கிறதோ அவருக்கு நடுவில் குவிந்த பணம். மற்ற எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டால், கையில் என்ன இருந்தாலும் எஞ்சியவருக்கே பணம். இந்தக் கடைசி விதியில்தான் போக்கரின் உயிர் இருக்கிறது. பொய்யும் ஒரு நாணயமாகச் செல்லுபடியாகும் ஆட்டம் இது.

மறைவான இரண்டு சீட்டும் ஒரே மதிப்பாக அமைந்தால் அது கைஜோடி. ஏஸ் ஜோடிக்கு அடுத்தது ராஜா ஜோடி. சராசரியாக 221 முறை சீட்டுப் போட்டால் ஒரு முறைதான் அது நம் கைக்கு வரும். அந்த ஒரு முறைக்காக மணிக்கணக்கில் உதவாத சீட்டுகளைக் கவிழ்த்துக்கொண்டு காத்திருந்தவருக்கு அது ஒரு பரிசு போலத் தோன்றுவதில் வியப்பில்லை. அந்த மனநிலைதான் பிரச்சினையின் வேர். பரிசு என்று நினைத்ததை யாரும் எளிதில் திருப்பிக் கொடுப்பதில்லை.

நம் கைஜோடியைவிட உயர்ந்த சீட்டு மேசையில் விழுவதை மேற்சீட்டு விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். ராஜா ஜோடிக்கு மேற்சீட்டு ஏஸ் ஒன்றுதான். அது ஃப்ளாப்பில் வரும் வாய்ப்பு 100க்கு 22.5 அளவு. ராணி ஜோடி என்றால் ஏஸ், ராஜா இரண்டுமே மேற்சீட்டு. வாய்ப்பு 41 ஆக ஏறிவிடுகிறது. ஜாக்கி ஜோடிக்கு 57. பத்து ஜோடிக்கு 69. இவை யாருடைய அபிப்பிராயமும் அல்ல. 50 சீட்டிலிருந்து மூன்றை எடுக்கும் பள்ளிக் கணக்கு.

இந்தக் கணக்கில் ஒரு பாடம் உடனே தெரிகிறது. ஜாக்கி ஜோடியோடு ஃப்ளாப்பைப் பார்ப்பவருக்கு மேற்சீட்டு விழுவதுதான் சாதாரணம், விழாமலிருப்பதுதான் விசேஷம். அப்படியிருக்க, ராணி விழுந்ததும் முகம் சுருங்குபவர் கெட்ட காலத்தைக் கண்டு வருந்தவில்லை. நடக்கக்கூடியதை முன்பே எண்ணிப் பார்க்காததன் அதிர்ச்சியையே அனுபவிக்கிறார். நல்ல ஆட்டக்காரர் பணம் வைக்கும்போதே மேற்சீட்டையும் சேர்த்தே விலை பேசியிருப்பார்.

ராஜா ஜோடிக்காரர்களின் குறை வேறு. ‘எனக்கு ராஜா வந்தால் ஏஸும் கூடவே வந்துவிடுகிறது’ என்று புலம்பாதவர் அபூர்வம். உண்மையில் நாலரை முறைக்கு ஒருமுறைதான் அது நடக்கிறது. நேரில் ஆடும் மேசையில் மணிக்குச் சுமார் 30 ஆட்டம் நடக்கும். அந்தக் கணக்கில், கிடைத்த ராஜா ஜோடி எல்லாம் ஃப்ளாப்வரை போனாலும் ராஜாவும் ஏஸும் இப்படிச் சந்திப்பது ஏறத்தாழ 33 மணி நேரத்துக்கு ஒரு முறை. அபூர்வம் என்பதாலேயே அது நினைவில் தங்குகிறது. ஏஸ் வராமல் அமைதியாக வென்ற ராஜாக்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மனத்தின் பதிவேட்டில் நட்டங்களுக்குத் தடித்த எழுத்து. கானெமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட ஆய்வு விளக்கியதும் இதன் அண்டை வீட்டுச் செய்திதான்: ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நட்டம் தரும் வலி பெரிது.

*

முதல் கட்சிக்காரரைப் பார்ப்போம். அவருக்கு ராஜா ஜோடி என்பது ஒரு பதவி. ஃப்ளாப்புக்கு முன் அது இரண்டாவது உயர்ந்த கை என்பது உண்மை. ஆனால் ‘முன்’ என்ற சொல்லை அவர் மறந்துவிடுகிறார். சீட்டின் பலம் அந்த அட்டையில் அச்சிடப்பட்டிருப்பதாக நினைக்கிறார். அது அட்டையில் இல்லை. எதிரே இருப்பவர் எதை வைத்திருக்கக்கூடும் என்பதோடு ஒப்பிடும்போது மட்டும் உருவாகும் ஓர் உறவு அது. மேசையில் மூன்று சீட்டு திறந்ததும் உறவு மாறிவிட்டது. அட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. எதிராளியிடம் ஓர் ஏஸ் இருந்தால், மீதி இரண்டு சீட்டில் நமக்கு இன்னொரு ராஜா வந்து காப்பாற்றும் வாய்ப்பு 100க்கு 9க்கும் குறைவு. இந்தத் தயவை நம்பிக் கையிருப்பு முழுவதையும் நடுவே தள்ளுவதற்கு வீரம் என்று பெயரில்லை.

இரண்டாம் கட்சிக்காரரின் பிழை இத்தனை வெளிப்படையாகத் தெரிவதில்லை. அவர் பெரிய தொகையை ஒரே மூச்சில் இழப்பதில்லை. அதனால் அவரை யாரும் கேலி செய்வதுமில்லை. ஆனால் சிறுகச் சிறுக அவர் கொடுப்பது கொஞ்சமல்ல. நடுவில் 100 ரூபாய் இருக்கிறது. எதிராளி 50 கட்டுகிறார். மூன்றில் ஒரு முறைக்கு மேல் நாம் கவிழ்த்துவிடுவோம் என்றால், அவர் கையில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கே இடமில்லை. எந்தக் குப்பையை வைத்துக்கொண்டு கட்டினாலும் அவருக்கு லாபம். ஏஸைக் கண்டால் ஓடுபவர் என்று பெயர் எடுத்தவரிடம் மேசையிலுள்ள எல்லோரும் ஏஸ் வைத்திருப்பார்கள். டேவிட் ஸ்க்லான்ஸ்கி தம் ‘போக்கர் கோட்பாடு’ நூலில் (1987) இந்த ஆட்டத்தின் அடிப்படை விதியாக ஒன்றைச் சொல்கிறார்: எதிராளியின் சீட்டு தெரிந்திருந்தால் எப்படி ஆடியிருப்போமோ அதிலிருந்து விலகி ஆடும்போதெல்லாம் அவருக்கு லாபம். ஒன்பது ஜோடியோடு உட்கார்ந்திருப்பவரிடம் ராஜா ஜோடியைக் கவிழ்ப்பது அத்தகைய விலகல்.

ஆக, ஒருவர் பற்றினால் தோற்கிறார். மற்றவர் அச்சத்தால் தோற்கிறார். இருவருக்கும் பொதுவானது, சாட்சியத்தைக் கேட்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுவது.

*

சாட்சியம் என்ன என்று பார்க்கலாம். ஃப்ளாப்பில் ஓர் ஏஸ் விழுந்துவிட்டது; எஞ்சியவை மூன்று. எதிரே ஒருவர்தான், அவர் கையில் எந்த இரண்டு சீட்டும் இருக்கலாம் என்றால் அவரிடம் ஏஸ் இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. எதிரே மூன்று பேர் இருந்தால் யாரோ ஒருவரிடமாவது இருக்கும் வாய்ப்பு 34 சதவீதம். ஐந்து பேர் என்றால் 52. ஒரே ஃப்ளாப், ஒரே ஜோடி. எதிரே எத்தனை பேர் என்பதை வைத்து மட்டுமே அது பெரும்பாலும் வெல்லும் கையிலிருந்து பாதிக்குப் பாதி நிலைக்கு இறங்கிவிடுகிறது.

இதிலிருந்து பெறப்படும் முதல் நெறி சற்றே விசித்திரமானது: ஏஸ் விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பாதி விடை ஏஸ் விழுவதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. ராஜா ஜோடியைத் தந்திரமாக மறைத்து வைப்பதாக நினைத்துச் சும்மா இருப்பவர் ஐந்து பேரை மலிவாக உள்ளே விடுகிறார். முன்பே தொகையை ஏற்றியவர் எதிரே ஒருவரையோ இருவரையோ மட்டும் நிறுத்திக்கொள்கிறார். பின்னாளில் ஏஸ் யாரிடம் இருக்கிறது என்று இருட்டில் தேடும் தொல்லை முன்னவருக்கே அதிகம்.

ஆனால் எதிராளி ஏதோ இரண்டு சீட்டை வைத்திருப்பவர் அல்லர். நாம் ஏற்றிய தொகைக்கு ஈடு கட்டி உள்ளே வந்தவர். எட்டில் ஒன்று என்ற கணக்கு இங்கே போதாது. பணம் கட்டி வருபவர்கள் ஏஸை விரும்பி வைத்துக்கொள்பவர்கள். ஆகவே அவர் எப்படிப்பட்டவர் என்று ஊகித்து எண்ண வேண்டும்.

ஓர் உதாரணம் போடுவோம். ஃப்ளாப்பில் ஏஸ், 8, 3 மூன்றும் வெவ்வேறு சாதிகளில் விழுந்திருக்கின்றன. எதிராளி ஒருவர்தான். நாம் முன்பே ஏற்றிய தொகைக்கு ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ஏஸ்-ஜாக்கி, ஒரே சாதி ஏஸ்-பத்து ஆகியவற்றோடும், 6 முதல் ராணி வரையிலான கைஜோடிகளோடும், ஒரே சாதியில் அடுத்தடுத்து வரும் ராஜா-ராணி, ராணி-ஜாக்கி, ஜாக்கி-பத்து, பத்து-ஒன்பது ஆகியவற்றோடும் ஈடு கட்டக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது சேர்க்கைகளை எண்ணலாம். நம் கையில் இரண்டு ராஜா இருப்பதால் மிச்சம் இரண்டு, ஏஸ் மூன்று. ஏஸ்-ராஜா 6 வழிகளில் அமையும். ஏஸ்-ராணி 12, ஏஸ்-ஜாக்கி 12, ஒரே சாதி ஏஸ்-பத்து 3. மேசையில் ஓர் 8 இருப்பதால் எட்டு ஜோடி 3 வழிகளில்தான் அமையும். ஆனால் அது இப்போது மூன்று எட்டு ஆகிவிட்டதால் நம்மை வெல்லும். ஆக நம்மை மிஞ்சியவை 36. மறுபக்கம் ராணி, ஜாக்கி, பத்து, ஒன்பது, ஏழு, ஆறு ஜோடிகள் ஒவ்வொன்றும் 6 வழி, மொத்தம் 36. அடுத்தடுத்த சீட்டுகள் 2, 4, 4, 4 என 14. நம்மைவிடத் தாழ்ந்தவை 50. எண்பத்தாறில் ஐம்பது, நாம் முன்னே இருக்கும் வாய்ப்பு 58 சதவீதம்.

இதைக் கேட்டால் இரண்டாம் கட்சிக்காரர் திடுக்கிடக்கூடும். ஏஸ் விழுந்தும் ராஜா சாகவில்லை. மேலும், ஃப்ளாப்புக்கு முன் தொகையை ஏற்றியவர் நாம் என்பதால் நம்மிடமும் ஏஸ் இருக்கலாம் என்று எதிராளி எண்ணியாக வேண்டும். நம்மை அச்சுறுத்தும் அதே சீட்டு, பத்து ஜோடியோடு உட்கார்ந்திருக்கும் அவரையும் அச்சுறுத்திக்கொண்டிருக்கிறது.

இந்த 58ஐப் பிடித்துக்கொண்டு முதல் கட்சிக்காரர் மகிழ்ந்துவிடவும் வேண்டாம். நடுவிலுள்ள தொகையில் மூன்றில் ஒரு பங்கை நாம் கட்டுகிறோம். எதிராளி ஆறு, ஏழு ஜோடிகளையும் அந்த 14 சேர்க்கைகளையும் கவிழ்த்துவிடுவார். மற்றவற்றோடு ஈடு கட்டுவார் என்று கொள்வோம். இப்போது மிஞ்சியவை 36, தாழ்ந்தவை 24. வாய்ப்பு 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. டர்னில் யாருக்கும் உதவாத ஒரு 2 விழுகிறது. நாம் பந்தயம் கட்டாமல் விடுகிறோம்; அவர் நடுவிலுள்ள தொகை அளவுக்கே கட்டுகிறார். ஈடு கட்ட வேண்டுமானால் மூன்றில் ஒரு முறையாவது நாம் வெல்ல வேண்டும். மிஞ்சிய 36லும் அவர் கட்டுவார் என்றால், தாழ்ந்த 24இல் எத்தனையை வைத்துக்கொண்டு அவர் பொய்யாகக் கட்டுவார்? ஆறு என்றால் நாம் 42இல் 6, கவிழ்க்க வேண்டும். பதினெட்டு என்றால் 54இல் 18, சரியாக மூன்றில் ஒன்று. கட்டினாலும் கவிழ்த்தாலும் ஒன்றே. ரிவரில் வரக்கூடிய அற்புதங்களைக் கணக்கில் சேர்க்காமல் இதைச் சொல்கிறோம்.

கேள்வி எப்படி உருமாறிவிட்டது என்பதைக் கவனியுங்கள். ‘என் ராஜா ஜோடி நல்லதா?’ என்று தொடங்கியது, ‘எதிரே இருக்கும் இந்த மனிதர் ஒன்பது ஜோடியோடு, பத்து ஜோடியோடு, நான்கில் மூன்று முறை துணிந்து பொய் சொல்லக்கூடியவரா?’ என்று முடிகிறது. நம்மைப் பற்றிய கேள்வி அவரைப் பற்றிய கேள்வியாகிவிட்டது. பெரும்பாலானோர் அப்படித் துணிவதில்லை. ஆகவே பெரும்பாலும் இந்த இடத்தில் ராஜாக்களைக் கீழே வைப்பதே முறை. ஃப்ளாப்பில் வைத்திருந்தால் அது கோழைத்தனம். இங்கே வைக்காவிட்டால் அது பிடிவாதம். சீட்டு ஒன்றே, சாட்சியம்தான் வேறு.

*

இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். ஏஸ் விழுந்ததும் ‘யாரிடம் இருக்கிறது, தெரிந்துவிடட்டும்’ என்று பெருந்தொகை கட்டுபவர்கள் உண்டு. தெரிந்துகொள்வதற்கு அவர்கள் கொடுக்கும் விலை அநியாயமானது. பெருந்தொகையைக் கண்டு ஒன்பது ஜோடிக்காரர் போய்விடுவார், ஏஸ்காரர் நிற்பார். நம்மைவிடத் தாழ்ந்தவர்களை விரட்டிவிட்டு, உயர்ந்தவர்களோடு மட்டும் உட்கார்ந்துகொள்ளும் ஏற்பாடு அது.

ராஜா ஜோடியும் ஏஸ் ஃப்ளாப்பும் சேர்ந்த நிலையில் நாம் ஒன்று வெகு முன்னே இருக்கிறோம், அல்லது வெகு பின்னே இருக்கிறோம். எதிராளியிடம் சிறிய ஜோடி இருந்தால் அவருக்கும் 9 சதவீதத்துக்கு உட்பட்ட தயவுதான் மிச்சம். அவருக்கு ஒரு சீட்டை இலவசமாகக் காட்டுவதால் பெரிய ஆபத்தில்லை. எனவே சிறுதொகை, அல்லது பந்தயமே கட்டாமல் ஒரு சுற்றைக் கடத்துவது, இங்கே வலிமையற்றவர் செயல் அல்ல. அது தாழ்ந்த கைகளை ஆட்டத்தில் இருத்திக்கொள்ளும் வழி, பொய் சொல்ல அவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்துவைக்கும் வழி.

இதையே எல்லா ஜோடிக்கும் நீட்டிவிடக் கூடாது. கையில் பத்து ஜோடி, மேசையில் ராணி, 7, 4 என்றால் அடுத்து வரக்கூடிய ஏஸும் ராஜாவும் ஜாக்கியும் புதிய பகைவர்கள். அங்கே பொறுமை விலை கேட்கும். ஏஸ் ஃப்ளாப்பிலேயே இரண்டு சீட்டு ஆட்டினாக விழுந்து, எதிராளி கையிலும் இரண்டு ஆட்டின் இருந்தால், ஐந்து ஆட்டின் சேர்க்க அவருக்கு 35 சதவீத வாய்ப்பு. அங்கேயும் இலவசச் சீட்டு காட்டுவது தாராளம் அல்ல, ஊதாரித்தனம். மேற்சீட்டு விழுந்தால் இதைச் செய் என்று ஒற்றை வரியில் எழுதித்தர முடியாததற்கு இதுவே காரணம்.

இந்த ஆட்டத்தின் கணிதம் பழையது. வான் நியூமன் 1928இல் ஆட்டக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்டார். மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து 1944இல் வெளியிட்ட பெருநூலில் போக்கருக்கென ஒரு பகுதியை ஒதுக்கி, பொய்ப்பந்தயம் என்பது குணக்கேடு அல்ல, சரியான ஆட்டத்தின் தவிர்க்க முடியாத அங்கம் என்று காட்டினார். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல், பந்தய அளவுக்கு வரம்புள்ள இருவர் ஆட்டத்தைக் கணினி ஏறத்தாழ முழுமையாகத் தீர்த்துவிட்டதாக அறிவித்தார்கள். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘லிப்ராடஸ்’ நிரல், வரம்பற்ற இருவர் ஆட்டத்தில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 ஆட்டங்கள் ஆடி வென்றது.

இந்த இயந்திரங்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது அவற்றின் கணக்கு வேகத்தை அல்ல. அது நமக்கு வராது. ராஜா ஜோடிக்காக அவை துக்கம் காப்பதில்லை என்பதே கவனிக்கத்தக்கது. 221 ஆட்டம் காத்திருந்தோமே என்ற நினைவு அவற்றுக்கு இல்லை. இதுவரை கட்டிய பணம் தன்னுடையது என்ற பிரமையும் இல்லை. நடுவில் போனது நடுவுக்குச் சொந்தம். ஒவ்வொரு சீட்டும் விழும்போது உலகம் அங்கிருந்து புதிதாகத் தொடங்குகிறது.

*

இத்தனை கணக்கிட்டும் கவிழ்த்துவிடுகிறோம். எதிராளி சிரித்தபடி ஒன்பது ஜோடியைத் திறந்து காட்டுகிறார். நாம் தவறு செய்தோமா? இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். முடிவைக் கொண்டு முடிவெடுத்த விதத்தை மதிப்பிடும் இந்தப் பழக்கத்தை, போக்கர் ஆட்டக்காரரான ஆனி டியூக் 2018இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாகக் கண்டித்திருக்கிறார். ஏழில் ஒரு முறை நடப்பது ஏழில் ஒரு முறை நடக்கத்தான் செய்யும். அது இன்று நடந்தது என்பதால் மற்ற ஆறும் பொய்யாகிவிடாது. அடுத்த முறை பழிவாங்கும் மனத்தோடு ஈடு கட்டுபவரிடம்தான் ஏஸ் காத்திருக்கும்.

ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவோம். சூதை இப்படி அறிவுலக விவகாரமாக்கலாமா? திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூதுக்கென்றே ஒதுக்கப்பட்ட மண்ணல்லவா இது? நியாயமான கேள்வி. தமிழ்நாடு 2022இல் இணையவழிச் சூதுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியும் போக்கரும் திறன் சார்ந்தவை என்று அவற்றைத் தடைப்பட்டியலிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறனா அதிர்ஷ்டமா என்ற பேதம் பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

திறன் உண்டு என்பதை மேலே உள்ள கணக்கே காட்டும். ஆனால் திறன் உள்ள ஆட்டம் என்பதும் பணம் தரும் ஆட்டம் என்பதும் ஒன்றல்ல. ஆட்டத்தை நடத்தும் விடுதி நடுவிலுள்ள தொகையில் தன் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கிறது. சமமான திறனுடைய ஒன்பது பேர் உட்கார்ந்தால், நாளடைவில் ஒன்பது பேரும் சேர்ந்து தோற்பார்கள். ஆகவே வாசகரை மேசைக்கு அழைப்பது நம் நோக்கமல்ல. தீக்குச்சிகளை வைத்து ஆடினாலும் இந்தக் கேள்வி இதே கூர்மையோடுதான் இருக்கும்.

ஏனெனில் கேள்வி சீட்டைப் பற்றியதல்ல. நியாயமாகவே நல்லதென்று நம்பிய ஒன்றை, புதிய செய்தி வந்தபின் எந்த அளவுக்கு நம்புவது என்பதே அது. இலக்கியம் படிப்பவர்களுக்கு இந்த இக்கட்டு புதிதல்ல. ஒரு நாவலின் முதல் ஐம்பது பக்கங்களில் உருவான அபிப்பிராயத்தை முந்நூறாவது பக்கம் வரை சுமந்து செல்பவர்கள் உண்டு. இடையில் எழுத்தாளர் என்ன செய்தாலும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஒரேயொரு பலவீனமான அத்தியாயத்தைக் கண்டதும் நூலையே வீசிவிடுபவர்களும் உண்டு. ஒருவர் விசுவாசி எனவும் மற்றவர் கறார் விமர்சகர் எனவும் பெயர் பெறுகிறார்கள். இரண்டு பேருமே வாசிப்பை நிறுத்திவிட்டவர்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

58 என்பதை 58 என்றே நம்புவது கடினம். மனம் அதை 100 ஆக்கப் பார்க்கிறது; முடியாதபோது சுழியாக்கிவிடுகிறது. ஒரு செய்தி வந்ததும் அதை 40 ஆகவும், இன்னொன்று வந்ததும் 14 ஆகவும் குறைத்துக்கொண்டு, அதற்குரிய விலையை மட்டும் கொடுத்து, போதும் என்ற இடத்தில் ஓசையின்றிக் கவிழ்த்து வைப்பது, கையில் ராஜா வருவதைவிட அபூர்வமான காரியம். அது 221இல் ஒரு முறைகூடத் தானாக வருவதில்லை. ஒவ்வொரு முறையும் நாம்தான் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது.